வீடியோ எடுத்தவள்

சபிதாவைப் பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பப் போவதாக சுயம்புராஜ் சார் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கைதட்டல்தான் சத்தமாக இருந்தது என்று வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் ஜாஸ்மி பிறகு சொன்னாள். வயிற்றெரிச்சல் கூடினால் கை தானாகவே பலமாகத் தட்டும் போலிருக்கிறது.

எங்கள் பேச்சுப் பயிற்சி மையம் கோட்டாறில் ரயில் நிலையத்துக்குத் திரும்பும் சாலையில், கீழும் மாடியுமாக இருக்கிறது. சார்தான் நடத்துகிறார். பேச்சு வராத பிள்ளைகள், திக்கிப் பேசும் பிள்ளைகள், காதுக்கு மிஷின் வைத்த பிள்ளைகள் எல்லாம் வரும். நான் இங்கே பதினோரு வருஷமாக ஸ்பீச் தெரபிஸ்ட். சபிதா வந்து மூன்று வருஷம். அவள் சேர்ந்த புதிதில் பிள்ளையின் முன்னால் எப்படி உட்காருவது என்பதைக்கூட நான்தான் காட்டிக்கொடுத்தேன். தரையில் உட்கார், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைக்கு நீ பேங்க் மேனேஜர் மாதிரித் தெரிவாய் என்றேன். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தவள்தான் இப்போது பெங்களூருக்குப் போகிறாள்.

பயிற்சி எதற்கென்றால் அப்ராக்ஸியாவுக்கு. சில பிள்ளைகளுக்கு நாக்கில் குறை இருக்காது, காதில் குறை இருக்காது, புத்தி நம்மையெல்லாம்விடக் கூர்மையாக இருக்கும். சொல்ல வேண்டியது தலைக்குள் தயாராக இருக்கும். ஆனால் முதலில் உதடு, அப்புறம் நாக்கு, இதற்குப் பிறகு இது என்று வாய்க்குப் போக வேண்டிய கட்டளை வழியிலேயே தடுமாறிவிடும். நான் படித்த காலத்தில் கல்லூரியில் இதைப்பற்றி ஒரு பக்கம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று அதையும் தாண்டிப் போனார்கள். இப்போது இதற்கென்றே தனிப் பயிற்சி வந்திருக்கிறது. பெங்களூரில் ஒரு வாரம் வகுப்பு. அதன் பிறகு மூன்று மாதம் ஊரில் இருந்தபடியே ஒரு பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்து, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அங்கிருக்கும் மேடம் அதைப் பார்த்துத் திருத்துவார்.

எங்கள் மையத்துக்கு ஒரே ஓர் இடம் கிடைத்தது. அதை எனக்குத் தராததற்கு சார் காரணமெல்லாம் வைத்திருந்தார். சபிதாவுக்கு இங்கிலீஷ் சரளமாக வருமாம். கல்யாணம் ஆகவில்லை, ஒரு வாரம் வெளியூரில் தங்கலாமாம். எனக்கு வீடு, பிள்ளை, சர்ச் என்று ஆயிரம் சோலி இருக்கிறதாம். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் தானே பொங்கித் தின்றால் செத்தா போய்விடுவார்? சார் அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்காக அவரே யோசித்து, அவரே முடிவெடுத்து, அவரே வருத்தமும் பட்டுக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆறிப்போயிருப்பேன். ஆனால் பயிற்சிக்கு ஒரு பிள்ளை வேண்டும் அல்லவா. சந்தேகமில்லாமல் அப்ராக்ஸியா என்று தெரிந்த பிள்ளை. மையத்தில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். ஜினி. என்னுடைய ஜினி.

ஜினிக்கு ஐந்து வயது. அவளுடைய அம்மா பெமிலா இரணியலில் இருந்து பாசஞ்சர் ரயிலில் அவளைக் கூட்டிக்கொண்டு வருவாள். அப்பா தம்மாமில், வெளிநாட்டு வேலையில் இருக்கிறார். என்னிடம் வருவதற்கு முன்னால் ஊரில் எல்லாரும் பெமிலாவுக்கு ஆளுக்கொரு சமாதானம் சொல்லியிருந்தார்கள். அவளுடைய அப்பனும் லேட்டாகத்தான் பேசினான் என்று மாமியார் சொன்னார். பள்ளிக்கூடத்தில் போட்டால் தானாகப் பேசும் என்று ஒரு டாக்டர் சொன்னார். பிடிவாதக்காரி, வேண்டுமென்றே பேச மாட்டேன் என்கிறாள் என்று நர்சரி டீச்சர் சொன்னாள். நான் அவளை இரண்டு நாள் பார்த்தேன். ஒரு நாள் ‘பால்’ என்று சுத்தமாகச் சொன்னாள். மறுநாள் அதே சொல்லுக்கு அவள் உதடு ஒரு பக்கமும் நாக்கு ஒரு பக்கமும் தேடிக்கொண்டு போனது. இது அப்ராக்ஸியா என்று முதலில் சொன்னவள் நான். பெங்களூர் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் அவள் என்னிடம் வந்தாள். பத்துப் பன்னிரண்டு சொல் வந்திருந்தது, அதுவும் நாள் பார்த்து வரும். ஆனால் அவள் சொல்லாதது எல்லாம் எனக்குப் புரியும். அவள் மூக்கைச் சுளித்தால் எதற்கு, ‘ம்ம்’ என்று இழுத்தால் எதற்கு, என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தால் எதற்கு என்று எல்லாம் தெரியும். சில நேரம் பெமிலாவே என்னிடம் வந்து, “இவ என்ன மிஸ் சொல்லுகா?” என்று கேட்பாள். பெற்ற தாய் என்னிடம் கேட்கிறாள். நான் ஜினியின் முகத்தைப் பார்ப்பேன், சொல்லிவிடுவேன், ஜினி தலையாட்டுவாள். அந்த நேரத்தில் எனக்குள் எழும் சந்தோஷத்துக்கு யாரும் எனக்குச் சம்பளமே தர வேண்டாம்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிள்ளைக்கு நாலு வார்த்தை வந்ததும் ‘ஸ்தோத்திரம்’ சொல்லப் பழக்குவார்கள். போதகர் வீட்டுக்கு வந்தால் பிள்ளை ஓடிவந்து ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். அப்போதுதான் தாய்க்கு நிமிர்ந்து நிற்க முடியும். ஜினி அந்த நேரத்தில் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அதைச் சொல்லும்போது பெமிலாவின் கண் நிறைந்துவிட்டது. நானும் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறவள்தானே, எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சொல்லை எப்படியும் வரவைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மாதக்கணக்காக அதோடு மல்லுக்கட்டினோம். ஊதல் ஊத வைத்தேன், காத்தாடி சுற்ற வைத்தேன், நாக்கை நீட்டி மடக்க வைத்தேன். கடைசியில் ‘தோ…அம்’ என்று வந்தது. போதகர் அதற்கே அவள் தலையில் கைவைத்து ஜெபித்தாராம். பெமிலா மறுநாள் ஒரு முழுச் சக்கையை, பலாப்பழத்தை, தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்தாள், எனக்காக.

இந்தப் பிள்ளையைத்தான் மூன்று மாதத்துக்கு சபிதாவிடம் கொடுக்கச் சொன்னார் சார். பயிற்சி முடிந்ததும் உங்களிடமே திரும்பி வந்துவிடுவாள் ஜெபகுமாரி என்றார், குடை இரவல் கேட்கிறவர் மாதிரி.

சபிதா பெங்களூரில் இருந்து எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தாள். நல்ல மைசூர்பாகு. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வந்த மறுநாளே மாடியறை அலமாரியில் இருந்த ஊதல்களையும் காத்தாடிகளையும் எடுத்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டாள். அவை எல்லாம் வருஷா வருஷம் சவேரியார் கோயில் திருவிழாக் கடைகளில் நான் தேடித் தேடி வாங்கியவை. ஏன் என்று கேட்டேன்.

“ஊதிப் பழகினா ஊதத்தான் அக்கா வரும். பேச வராதாம்.”

அந்த ‘ஆம்’தான் என்னைச் சுட்டது. யாரோ சொன்னார்களாம், இவள் கேட்டுக்கொண்டு வந்தாளாம். பதினோரு வருஷமாக நான் எத்தனை பிள்ளைகளை ஊத வைத்திருப்பேன் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். நினைக்காமல் இருந்திருக்கலாம்.

அப்புறம் ஸ்தோத்திரத்தையும் நிறுத்திவிட்டாள். அந்தச் சொல்லில் வாய்க்கு எத்தனை வளைவு, இந்தப் பிள்ளை அதை இப்போது தாண்டாது என்றாள். அவள் வீட்டார் அய்யாவழிக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை நிழல்தாங்கலுக்குக் கும்பிடப் போகிறவர்கள். இவளுக்கு எங்கே அதன் அருமை தெரியப் போகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பெமிலாவிடம் உட்கார்ந்து பேசி, வீட்டில் ஜினிக்கு நாள் முழுக்க என்னென்ன தேவைப்படுகிறது என்று கேட்டு, கடைசியில் அவள் எடுத்தது வா, போ, தா, நீ என்று நாலே சொல். இருநூறு படஅட்டை வைத்து நான் நடத்திய வகுப்பில் இவள் நாலு சொல் நடத்தப் போகிறாள். பெரியவர்களைப் போய் நீ, போ என்று சொன்னால் மாமியார் என்ன நினைப்பார் என்று பெமிலா தயங்கினாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மரியாதையைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் வாய் வழி கண்டுபிடிக்கட்டும் என்றாள் சபிதா.

அவள் செய்தது இவ்வளவுதான். ஜினியின் முகத்துக்கு நேராக முகம் வைத்து உட்காருவாள். ஜினி சபிதாவின் வாயையே பார்க்க வேண்டும். இருவரும் சேர்ந்து ‘வா’ என்று மெதுவாக, இழுத்துச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் தாடையில் விரல் வைத்து வழி காட்டுவாள். பிறகு தன் சத்தத்தைக் குறைத்து வாயை மட்டும் அசைப்பாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டு, ஜினி தனியாகச் சொல்லும்வரை காத்திருப்பாள். நடுவில் ஒரு விளையாட்டு. மறுபடியும் அதே சொல். மறுபடியும், மறுபடியும். பக்கத்தில் இருந்து கேட்டால் நமக்கே அந்தச் சொல்லின் அர்த்தம் மறந்துபோகும்.

பக்கத்தில் நான் இருந்தேன். வீடியோ எடுக்க ஆள் வேண்டுமே. நீங்கள் எடுத்தால் ஜினி பயப்பட மாட்டாள் அக்கா என்று சபிதாதான் கேட்டாள். இடமும் போய், பிள்ளையும் போய், கடைசியில் போன் பிடிக்கிற வேலை எனக்கு. சரி என்றேன். குறை கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனால் முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. ஜினி சபிதாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

சபிதா “என்னப் பாரு மக்கா, எனக்க வாயப் பாரு” என்று கெஞ்சுவாள். ஜினி ஒரு நொடி பார்ப்பாள். சொல் கொஞ்சம் கடினமானதும் கண் நேராக எழும்பி, போனுக்கு மேலே இருக்கும் என் முகத்துக்கு வந்துவிடும். நான் புன்னகை செய்வேன். அவளுக்கு வாய் தானாகத் திறக்கும், ஏதோ ஒரு சத்தம் வரும், பிறகு நின்றுவிடும். அவள் என்னைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்குப் பால் வார்த்தது போல் இருந்தது. பெங்களூர் போய் வந்தாலும் பிள்ளைக்கு யாரைத் தெரியும் பார் என்று சபிதாவின் பின்னந்தலையிடம் சொல்லிக்கொண்டேன்.

வாரங்கள் போயின. நாலு சொல்லில் ஒன்றும் தேறவில்லை. சபிதாவின் கண்ணுக்குக் கீழே கருத்தது. ஒரு நாள் பெமிலா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

“உங்கட்ட இருந்தப்பளே நல்லாட்டு இருந்துது மிஸ். இது செரியா வருமா?”

நான் தேன் ஒழுகச் சொன்னேன், “பொறுத்துக்கிடுங்க பெமிலா. அவளும் புதுசுல்லா.”

அன்று மத்தியானம் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. சபிதா டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். என் மீன்குழம்பில் கொஞ்சம் அவளுக்கு ஊற்றினேன். தோற்கிறவளிடம் அன்பாக இருப்பது ரொம்பச் சுலபம்.

மாதக் கடைசியில் பெங்களூர் மேடம் லேப்டாப்பில் வந்தார். சேலத்துக்காரர், தமிழிலேயே பேசுவார். சாருடைய அறையில் சார், சபிதா, நான் மூன்று பேரும் உட்கார்ந்தோம். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போய் உட்கார்ந்தேன். சபிதா திட்டு வாங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

மேடம் எங்கள் வீடியோவைத் திரையில் ஓட விட்டார். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு முதலில் இருந்து ஓட்டினார்.

“சபிதா, சத்தம் இல்லாம பாருங்க. படம் ஏன் தலையாட்டுது?”

எனக்குப் புரியவில்லை. பிறகு பார்த்தேன். ஜினி சொல்ல வேண்டிய நேரம் வரும்போதெல்லாம் படம் மெல்லக் கீழே இறங்கி மேலே ஏறியது. ஜினியின் கண் மேலே போகும், படம் ஒரு முறை குனிந்து நிமிரும், ஜினியின் முகம் தளர்ந்துவிடும். மறுபடியும் கண் மேலே, மறுபடியும் படம் குனியும். ஒவ்வொரு சொல்லுக்கும் அப்படித்தான். போனைப் பிடித்துக்கொண்டு நான் அவளுக்குப் பதிலாகத் தலையாட்டி, வாயை அசைத்து, அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. நான் வீடியோவில் எங்கேயும் இல்லை, ஆனால் முழு வீடியோவிலும் நான்தான் இருந்தேன்.

“போனுக்கு மேல யாரோ அவளுக்காகப் பேசிட்டிருக்காங்க” என்றார் மேடம். “இந்தக் குழந்தை மேல ரொம்பப் பிரியம் வச்சவங்களா இருக்கணும். ஆனா அவங்க இருக்கிற வரைக்கும் குழந்தைக்குப் பேச வேண்டிய அவசியமே இல்லையே.”

சார் பேனா மூடியைத் திறந்து மூடினார். நான் இருக்கிறேன் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது, லேப்டாப்பின் கண்ணுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். சபிதா நினைத்திருந்தால் அந்த இடத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனிமேல் ஸ்டாண்டில் வைத்து எடுக்கிறேன் மேடம் என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்ததும் அவளை மடக்கினேன்.

“ஒனக்கு இது முன்னாலயே தெரியுமா?”

“ரெண்டாவது வீடியோவுலயே பாத்தேன் அக்கா.”

“பொறவு ஏன் சொல்லல?”

அவள் சுவரைப் பார்த்தாள். “நீங்க வெளிய போனா அவ அழுவா. எனக்கும் பயமாட்டுதான் இருக்கு. நீங்க இருந்தா கொஞ்சமாட்டு ஒரு தைரியம்.”

அவள் என்னைக் குறை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். காட்டிக்கொடுத்திருந்தால் காலம் பூராவும் வெறுக்கக் காரணம் கிடைத்திருக்கும். இப்படி நல்லவளாக நின்றால் நான் என்ன செய்வது? அவளுடைய படிப்பைப் பார்த்துப் பொறாமை, வயதைப் பார்த்துப் பொறாமை, இப்போது அவளுடைய குணத்தைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டது.

ஸ்டாண்ட் வந்தது. நான் கீழே வந்தேன். முதல் நாள் ஜினி மாடியில் அழுத அழுகை தெருவரைக்கும் கேட்டது. நான் கீழறையில் வேறொரு பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அழட்டும் என்று நினைத்தேன். இன்னும் நன்றாக அழட்டும், அப்போதாவது என்னைக் கூப்பிடுவார்கள். ஜாஸ்மி கதவருகே வரும்போதெல்லாம் எனக்குத்தான் ஆள் வருகிறது என்று நிமிர்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அழுகை குறைந்தது. ஒரு நாள் அழுகையே இல்லை. அன்று பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதேன்.

அதன் பிறகு எல்லாம் எனக்கு ஜாஸ்மி வழியாகத்தான் தெரிந்தது. இரணியல் ஸ்டேஷனில் ரயில் தாமதமாம். ஜினி பிளாட்பாரத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்த்து ‘வா’ என்று கூப்பிட்டாளாம். தெளிவாக, இழுத்து, நம் ஊர் ராகத்தோடு. கூட நின்றவர்கள் சிரித்தார்களாம், பெமிலா அழுதாளாம். இதைப் பெமிலா ஜாஸ்மியிடம் சொல்லியிருக்கிறாள், மாடியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். என் அறையைத் தாண்டித்தான் மாடிப்படி. என்னிடம் நின்று சொல்லவில்லை. அடுத்த வாரம் பெமிலா கையில் ஒரு பை இருந்தது, சக்கைப்பழத்தின் வாசம் என் அறைக்குள் வந்து நின்றது. பை நேரே மாடிக்குப் போனது.

எனக்கு அந்தப் பழம் வேண்டாம். வயிற்றுக்கு ஆகாது. ஆனால் அந்த வாசம் மாடிப்படியில் ஏறிப் போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. மூன்று மாதம் முடிந்ததும் ஜினி எனக்கு. சார் சொன்ன வாக்கு. நானும் சும்மா இருக்கவில்லை. அந்த ஒரு மாதம் போன் பிடித்தபோது சபிதா செய்ததையெல்லாம் பார்த்துப் படித்திருந்தேன். கீழே என் மற்ற பிள்ளைகளிடம் செய்தும் பார்த்தேன். நேருக்கு நேர் முகம், சேர்ந்து சொல்வது, மெல்ல விலகுவது, காத்திருப்பது. சர்டிபிகேட் ஒன்றுதான் என்னிடம் இல்லை. ஊதல் பெட்டியை நானே எடுத்துப் பழையதுகளோடு மாடி மூலையில் போட்டேன். ஜினி திரும்பி வரட்டும், இந்த நாலு சொல்லையும் நாற்பதாக்கிக் காட்டுகிறேன், பெமிலா யாரிடம் நின்று பேசுகிறாள் பார்க்கலாம் என்று இருந்தேன்.

கடைசி வீடியோ சனிக்கிழமை. திங்கட்கிழமை முதல் உங்களிடம் என்று சார் காலையில் சொன்னார், பெமிலாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று சேர்த்துக்கொண்டார். அப்படிச் சேர்த்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. பெமிலாவிடம் சார் கேட்பதற்கு முன்னால் ஜினியை நான் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஜினி என்னைக் கண்டதும் ஓடி வருவாள். பெமிலா அதைப் பார்ப்பாள். பிறகு யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மாடிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

ஜன்னல் ஓரம் போன் ஸ்டாண்டில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. பெமிலா மூலையில் நாற்காலியில் இருந்தாள். அலமாரியின் மேல்தட்டில் சோப்புக்குமிழி ஊதும் பாட்டில். ஜினி அதற்குக் கீழே நின்றாள். சபிதா தரையில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, வெறுமனே காத்திருந்தாள். ஜினி ‘தா’ என்று தனியாகக் கேட்க வேண்டும், கேட்டால் பாட்டில் கிடைக்கும்.

ஜினி என்னைப் பார்த்தாள். சிரித்தாள். நான் நினைத்தது போலவே ஓடி வந்து என் துப்பட்டாவைப் பிடித்தாள். நான் பெமிலாவைப் பார்த்தேன், அவள் பார்த்துவிட்டாளா என்று. அப்புறம் சபிதாவைப் பார்த்தேன்.

ஜினி மறுபடியும் பாட்டிலின் பக்கம் திரும்பினாள். அவள் வாய் தேட ஆரம்பித்தது. தாடை இறங்கியது, நின்றது, உதடு குவிந்தது, அது இல்லை என்று விரிந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. சபிதா அசையவில்லை. பிள்ளை இப்படித் தவிக்கும்போது இவளால் எப்படிக் கல் மாதிரி உட்கார முடிகிறது? அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்த அறையில் எல்லாருக்கும் முன்னால் எனக்குத்தான் தெரியும். என் தலை குனிந்தது, என் வாய் திறந்தது, “தா-ன்னு சொல்லு மக்கா, குமிழி வேணும்லா?” என்று சொல்லிக்கொண்டே என் கை மேல்தட்டுக்குப் போய்விட்டது.

ஜினி திரும்பினாள். என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன், ஏதோ சைகை காட்டப் போகிறாள் என்று. அவள் தன் சின்னக் கையை என் வாயில் வைத்துப் பொத்தினாள். கை ஈரமாக இருந்தது. என் முகத்தை நேராகப் பார்த்தாள். சபிதாவின் முகத்தை இல்லை, என் முகத்தை. அவள் தாடை இறங்கியது, நாக்கு மேலே போய்த் தொட்டது, பிறகு உதடுகள் சேர்ந்து பிரிந்தன.

“நீ… போ.”

இரண்டு சொல்லை அவள் அதுவரை சேர்த்துச் சொன்னதே இல்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. அது அவளுடைய முதல் வாக்கியம்.

பெமிலா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. “ஏட்டி, மிஸ்ஸ அப்பிடிச் சொல்லப்பிடாது. சாரி சொல்லு.”

நான் ஜினியின் கையை என் வாயில் இருந்து எடுத்தேன். “சொல்லட்டும் பெமிலா. திருத்தாதீங்க.”

சபிதாவைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது, சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம் அந்த முகத்தில் வேறொன்று வந்து போனதை நான் பார்த்துவிட்டேன். மூன்று மாதம் ராப்பகலாக உழைத்தவள் அவள். சேர்ந்து சொல்லி, விரல் வைத்து, காத்திருந்து வரவைத்தவள் அவள். முதல் வாக்கியம் எனக்கு வந்துவிட்டது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதமாகக் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

அது போதும் என்று நினைத்தேன். ஆனால் ஜினி இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்டாள், நடக்கிறதா என்று பார்க்கிறாள். நான் போகாமல் சிரித்துக்கொண்டு நின்றால், கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தால், சொல்லி ஒரு பலனும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இத்தனை பாடுபட்டு வாய் திறந்த பிள்ளைக்குச் சொல் வேலை செய்ய வேண்டும். அதை எந்தப் பெங்களூரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போனேன்.

கதவைச் சாத்திவிட்டுப் படியில் நின்றேன். அவளுக்கு ‘வா’வும் தெரியுமே. ரயிலையே கூப்பிட்டவள். கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஜினியின் குரல் கேட்டது, தனியாக, ஒரே தடவை, சுத்தமாக. “தா.” சபிதா சிரிக்கும் சத்தம், குமிழி ஊதும் சத்தம். வேறொன்றும் வரவில்லை.

கீழே சாருடைய அறைக்குப் போய், ஜினி சபிதாவிடமே இருக்கட்டும் என்று சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பெருந்தன்மை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, முகமெல்லாம் இளகியது. எனக்கு ஆத்திரம் வந்தது.

“நீங்க தாட்சண்யத்துக்கு விட்டுக் கொடுக்காண்டாம் ஜெபா. யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“சொன்னா சார்.”

“யாரு?”

“ஜினி” என்றேன்.